நிறைகோல் கழகத்தின் பதினொரு பிழைகள்

ஏழு கழிகளிலும் நீர் நிறைந்திருக்க, உப்பளங்கள் வெளுத்திருக்க, துறைதோறும் பாய்மரங்கள் கூடியிருக்க, அலைவாய்க்கோட்டையில் முத்துக்குடையின் கீழ் வீற்றிருந்து ஏழ்கழி நாட்டை ஆண்டருளும் பேரரசியார் நறுமலர்த் தேவியாரின் திருமுன்புக்கு, அவர்தம் கல்விச்சாலைகளின் அமைச்சரும், ‘பிழைகாண் திலகம்’ என்னும் பட்டத்தை மறைந்த பேரரசரின் திருக்கையால் பெற்றவளுமாகிய காரிநங்கை, கரும்பாறைத் துறையில் கட்டியிருக்கும் அரசப் படகிலிருந்து பணிந்து எழுதும் ஓலை. பேரரசியார் நலமும் அரண்மனையில் உள்ளார் அனைவர் நலமும் வேண்டுகிறேன். இங்கு நானும், துணைக்கு வந்த என் கணவர் கொற்றனாரும் உடல் நலத்தோடு இருக்கிறோம். என் அறிவு மட்டும் மூன்று நாட்களாக நலமாக இல்லை. அதன் காரணம் கீழே வருகிறது.

சென்ற வளர்பிறையில் கருவூலத் தலைவர் கீரஞ்சாத்தர் அவையில் எழுந்து, கரும்பாறைப் பெருங்கல்விச்சாலையின் நிறைகோல் கழகத்திடமிருந்து அரச முத்திரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று முறையிட்டது பேரரசியார் அறிந்ததே. கணக்கு பயிலும் மாணவர்களில் பத்தில் ஒருவராகத் தேறியவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் கழகம் அது. அதன் முத்திரை பெற்றவர்கள் வேறு தேர்வு எழுதாமலே நம் பண்டகசாலைகளில் பணியேற்கிறார்கள். கழகத்தார் எழுதும் பயிற்சி ஏடுகளில் ஆண்டுக்கு மூன்று நான்கு பிழைகளே காணப்படுவது வழக்கமாயிருக்க, இவ்வாண்டு பதினொன்று காணப்பட்டதால் கழகத்தின் தரம் கெட்டது என்பதும், அதற்குத் தலைவி சேந்தியே பொறுப்பு என்பதும் அவர் வாதம். முத்திரை போனால், உப்புப் படகு ஓட்டுபவரின் மகளான சேந்திக்கு முத்துறைப் பண்டகசாலையில் ஒதுக்கிய கணக்குத் தலைமைப் பணியும் போகும். நேரில் சென்று ஆராய்ந்து, முடிவையும் நானே கட்டளையாக எழுதும்படி தங்கள் கணையாழியைக் கொடுத்து அனுப்பினீர்கள். சொன்னவர் சொன்னபடியே எழுத வேண்டும், அமைச்சர் மொழியில் அழகுபடுத்தக் கூடாது என்றும் கட்டளையிட்டீர்கள். ஆகையால் சில இடங்களில் பேச்சுமொழி வரும். பொறுத்தருள்க.

முதல் நாள் கழகத்தைச் சுற்றிப் பார்த்தேன். கெட்டுப்போன கழகத்தைத் தேடி வந்த எனக்கு அதன் அடையாளம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஐந்து நாட்களுக்கு ஒருமுறை பிற்பகலில் நடக்கும் கூட்டத்துக்கு ஒருவர் தவறாமல் வந்திருந்தார்கள். மூத்தவர்கள் இளையவர்களுக்குப் பாடம் சொன்னார்கள். சந்தையில் மீன் விற்கும் பெண்கள் ஒன்பது பேர் தங்கள் கணக்கோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எழுதிக் கொடுக்காமல், அவர்களே எழுதும்படி மாணவர்கள் கற்றுத் தந்தார்கள். இந்தக் கழகம் இவ்வளவு நன்றாக நடப்பதன் காரணத்தைக் கேட்டபோதுதான் என் குழப்பம் தொடங்கியது.

சமையல்காரர், “வெல்லம் போட்ட அவல் குடுக்கிறோம்ல, அதுக்குத்தான் வர்றாங்க. அவலை நிறுத்திப் பாருங்க, ஒரு பய இருக்க மாட்டான்” என்றார். கழகத்தின் பொறுப்பாசிரியர் மிகுந்த பணிவோடு, தாம் அந்தப் பக்கம் போவதே இல்லை என்றும், அதனால்தான் கழகம் சிறப்பாக நடக்கிறது என்றும் தெரிவித்தார். இவ்வாண்டு சேர்ந்த மாணவி ஒருத்தி, “இங்க தப்பு பண்ணா யாரும் சிரிக்க மாட்டாங்க. பாய்தான் விரிப்பாங்க” என்றாள். மீன்காரப் பெண்மணி ஒருவர், “எல்லாம் அந்த சேந்திப் பொண்ணுதான். எங்க எடைக்கல்லுல இருந்த பொய்யை எங்களுக்கே தெரியாம கண்டுபிடிச்சுச்சு. நாங்க ஒரு வாரம் அதுகூடப் பேசவே இல்ல” என்றார். நான்கு பேரும் உண்மை சொன்னதாகவே எனக்குத் தோன்றியது. நான்கையும் ஒன்றாகச் சேர்க்க என்னால் இயலவில்லை.

அந்த மாணவி சொன்ன பாய்தான் இந்த வழக்கின் உயிர்நாடி. நிறைகோல் கழகத்தில் ஒவ்வொருவரும், ஒரு பண்டகசாலைக்கு வந்த பொருள், போன பொருள், இருக்கும் பொருள் மூன்றையும் பயிற்சி ஏட்டில் எழுத வேண்டும். அதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். பிழை கண்டவர் அதை ஊரறியச் சொல்வதில்லை. கோரைப்பாய் ஒன்றை விரித்து, எழுதியவரை அழைத்து அருகில் உட்காரவைப்பார். கணக்கு நேராகும்வரை இருவரும் பாயைவிட்டு எழக்கூடாது. நேரானதும் பிழை ஓலையில் இருவரும் கைச்சாத்திடுவார்கள். கழகத்தில் முதலாவதாகத் தேறியவரின் ஏட்டைக் கழகத் தலைவரே பார்க்க வேண்டும் என்பது விதி. நாற்பது ஆண்டுகளாக இந்த முறை மாறவில்லை. நானும் அதே பாயில் அமர்ந்து கற்றவள்தான்.

இரண்டாம் நாள் பிழை ஓலையை விரித்துப் பார்த்தேன். பதினொரு பிழைகளும் ஒரே ஏட்டில் இருந்தன. அது முதலாவதாகத் தேறிய இளநாகன் என்பவனுடையது. பதினொன்றையும் கண்டவள் சேந்தி. மூன்று ஆண்டுத் தேர்விலும் ஒரு புள்ளிகூடப் பிசகாதவன், பயிற்சி ஏட்டில் மட்டும் மிளகு மூட்டைகள் கரையிறங்கும் முன்பே வண்டியேறிப் போனதாக எழுதியிருக்கிறான். எண்ணெய்க் குடம் பன்னிரண்டில் பதினாறு வெளியே போய், இன்னும் நான்கு அறையில் இருப்பதாக எழுதியிருக்கிறான். இவற்றை ஒரு முறைக்கு மூன்று முறை படித்தேன். அறிவுள்ள ஒருவன் அறிவில்லாதவன்போல் எழுதுவதற்கு நோய் காரணமாயிருக்கலாம் என்று கருதி, கல்விச்சாலை மருத்துவரை அழைத்துக் கேட்டேன். இளநாகன் நன்றாக உண்கிறான் என்று அவர் சான்றளித்தார்.

ஆகவே சேந்தியை அழைத்து, நீ சரிபார்த்த ஏட்டில் இத்தகைய பிழைகள் எப்படி வந்தன என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அமைச்சரம்மா, ரெண்டாவது தப்பிலயே எனக்குத் தெரியும். பன்னிரண்டு குடத்துல பதினாறு போகும்னு எங்க வீட்டு ஆடுகூட நம்பாது.”

தெரிந்திருந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன்.

“கேட்டிருந்தா வைக்கிறதை நிறுத்தியிருப்பாரு. நான் பாயைச் சுருட்டி வைக்க வேண்டியதுதான்.”

பேரரசியாரே, நான் மெதுவாகப் புரிந்துகொள்பவள் அல்லள் என்று இதுவரை நினைத்திருந்தேன். அந்தப் பெண் போன பிறகும், இதில் பாய்க்கு என்ன வந்தது என்று எண்ணிக்கொண்டே படகுக்குத் திரும்பினேன். கொற்றனார் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பிழை ஓலையை அவரிடம் காட்டி, இவ்வளவு கெட்டிக்காரன் இப்படி எழுதுவானா என்று வியந்தேன். அவர் படித்தார். சிரிக்கத் தொடங்கினார். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“நங்கை, அந்தப் பையன் அந்தப் பொண்ணு பக்கத்துல உட்காரணும்னு எழுதியிருக்கான். வேற எப்படி உட்காருவான்? இதுகூடவா தெரியல? எனக்கு ஏழு தேவைப்பட்டுது. இவனுக்குப் பதினொன்னு.”

என்ன ஏழு என்று கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். சொல்லியிருக்கக் கூடாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

இதற்குமேல் வருவது என்னைப் பற்றியது. எனினும் மறைத்தல் தகாது. முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் நான் நிறைகோல் கழகத்தின் தலைவியாயிருந்தேன். முதலாவதாகத் தேறியவர் கொற்றனார். முதல் மாணவரின் ஏட்டிலேயே ஒரே ஆண்டில் ஒன்பது பிழை கண்டவள் என்பதற்காகத்தான் தங்கள் தந்தையார் எனக்குப் பிழைகாண் திலகம் என்ற பட்டத்தைத் தந்தார். அந்தப் பட்டத்தால் கருவூலத்தில் சேர்ந்தேன். கருவூலத்திலிருந்து அமைச்சரானேன். என் வாழ்வு முழுவதும் அந்த ஒன்பதின்மேல் நிற்கிறது. அவை என் கண்ணுக்காக வைக்கப்பட்டவை என்று என் கணவரே வெள்ளரிக்காயை வைத்துக்கொண்டு சொல்கிறார்.

முதலில் மகிழ்ந்தேன். அடுத்து அவரோடு பேசாமல் இருந்தேன். பிறகு அச்சம் வந்தது. பிழைகள் வைக்கப்பட்டவை என்றால் இளநாகன் விளையாடியவன் ஆவான். ஆனால் சேந்தி என்ன ஆவாள்? எளிதில் தெரியும்படி வைத்ததைக் கண்டெடுத்தவள் ஆவாளே அன்றிப் பிழை காணத் தெரிந்தவள் ஆக மாட்டாள். கீரஞ்சாத்தர் கேட்டதைவிடக் கொடிய கேள்வி இது. அவள் பணியைக் காப்பாற்ற வந்த நான் அவள் தகுதியையே அழித்துவிடுவேனோ என்று கலங்கினேன். அவளுக்குச் சொல்லும் தீர்ப்பு எனக்கும் பொருந்தும் என்பதால் என் கலக்கம் அவளுக்காகவா, எனக்காகவா என்பதும் விளங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கழகத்தின் பழைய பெட்டியைத் திறக்கச் சொன்னேன். என் காலத்துப் பிழை ஓலை அதன் அடியில் இருந்தது. கொற்றனாரின் கைச்சாத்தும் என் கைச்சாத்தும் அருகருகே ஒன்பது இடத்தில் இருந்தன. என் நினைவு தவறவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓலையை அவர் முன் நீட்டி, ஏழு என்றீர்கள், இங்கே ஒன்பது இருக்கிறது, மற்ற இரண்டு எங்கிருந்து வந்தன என்று கேட்டேன்.

அவர் கழியின் நீரைப் பார்த்தார். போகும் படகு ஒன்றைப் பார்த்தார். எங்களுக்குத் திருமணமாகி இருபத்தொன்பது ஆண்டுகளாகின்றன. தம் ஆசையை முதல் ஆண்டே வாய்விட்டுச் சொன்ன மனிதர் இதைச் சொல்ல இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

“அது ரெண்டும் நான் வைக்கல, நங்கை. தானா வந்தது. நேத்து எல்லாத்தையும் நான்தான் வச்சேன்னு நீ நினைச்சப்பகூட, பரவாயில்லன்னு இருந்துட்டேன்.”

உடனே இளநாகனை அழைத்தேன். வேண்டுமென்றே வைத்த பிழைகள் எத்தனை என்று கேட்டேன். வைத்ததை அவன் மறுக்கவில்லை. காது சிவந்ததே தவிர, நிமிர்ந்து நின்று, “எட்டும்மா” என்றான். ஓலையில் பதினொன்று இருக்கிறதே என்றேன். அவனும் கழியைப் பார்த்தான். எல்லா முதல் மாணவர்களுக்கும் பார்க்க ஒரே கழிதான் போலும். “மத்த மூணு என் தப்புதாம்மா” என்றான். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அந்த மூன்றையும் நானே ஆராய்ந்தேன். மழைக்காலத்தில் உப்பு கரைந்து குறைவதை அவன் கணக்கில் கொள்ளவில்லை. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றிய பெட்டிகளை இரு முறை எண்ணியிருக்கிறான். படகில் நனைந்து வந்த கயிற்றை ஈரத்தோடு எடைபோட்டு, அதையே உலர்ந்த கயிற்றின் எடையாக எழுதியிருக்கிறான். கயிற்றுப் பிழையை நான் முதல் பார்வையில் தவறவிட்டேன் என்பதைப் பேரரசியாரிடம் ஒப்புக்கொள்கிறேன். படகுக்காரர் மகள் தவறவிடவில்லை. அது எவ்வாறு பிடிபட்டது என்று கேட்டபோது, “எங்கப்பா படகுல கயிறு காயவே காயாதும்மா” என்றாள். இவை மூன்றில்தான் சிரிக்காமல் உட்கார்ந்திருந்ததாகவும், கயிற்றுக் கணக்கு நேராக ஒரு பகல் முழுதும் ஆனதாகவும், அன்று இளநாகன் அவல்கூட உண்ணவில்லை என்றும் தெரிவித்தாள்.

கழகம் ஏன் நன்றாக நடக்கிறது என்பது இப்போதும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. பாயில் எதற்காக வந்து உட்கார்ந்தாலும், உட்கார்ந்தபின் உண்மைப் பிழை ஒன்று எதிரே வரும்போது இருவரும் எழாமல் அதைத் தீர்த்துவிடுகிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது. அன்று ஒன்பது பிழை கண்டவளுக்குப் பட்டம் தந்த நாடு, இன்று பதினொன்று கண்டவளைத் தண்டித்தல் முறையாகாது.

ஆகவே பேரரசியாரின் கணையாழி தந்த உரிமையால் நான் இடும் கட்டளை இது. நிறைகோல் கழகத்தின் முத்திரை கழகத்திடமே இருக்கும். சேந்தி வரும் தைத்திங்கள் முதல் நாள் முத்துறைப் பண்டகசாலையின் கணக்குத் தலைமையை ஏற்பாள். கீரஞ்சாத்தர் அவளுடைய முதல் ஆண்டு ஏட்டைத் தாமே சரிபார்த்து மனநிறைவு கொள்ளலாம். வேண்டுமென்றே எட்டுப் பிழை எழுதியதற்காக இளநாகன் ஓராண்டு மீன்காரப் பெண்களுக்குக் கணக்கு கற்பிப்பான். அவர்கள் கேலியே போதிய தண்டனை. இனிப் பிழை ஓலையில் ஒவ்வொரு பிழைக்கும் எதிரே, அது ‘வைத்தது’ அல்லது ‘வந்தது’ என்று எழுதியவரே குறித்துக் கைச்சாத்திட வேண்டும். இந்த விதி என் காலத்திலேயே இருந்திருந்தால் என் வீட்டில் இரண்டு நாள் அமைதி கெட்டிருக்காது.

என் பட்டத்தைப் பற்றிப் பேரரசியாரே முடிவு செய்தருள்க. ஒன்பது என்று எழுதிய பட்டயத்தை இரண்டு என்று திருத்தினாலும், அதைத் தலைமேல் வைத்துக்கொள்வேன். இரண்டும் உண்மையானவை.

இவ்வோலை ஆனித் திங்கள் வளர்பிறை ஆறாம் நாள், கரும்பாறைத் துறையில் எழுதி, பேரரசியாரின் கணையாழியால் அரக்கில் முத்திரையிடப்பட்டது. இதைக் காண்போர் இதன்படி நடக்க. ஏழ்கழி நாடு நீரோடும் நெறியோடும் நிலைக்க.

நம் நாட்டு ஓலை எதுவும் இன்னொருவர் கண்படாமல் முத்திரை பெறுவதில்லை என்பதால், இதைச் சரிபார்த்தவர் கொற்றனார். முதலில் நான் வளர்பிறை பதினாறாம் நாள் என்று எழுதியிருந்ததைக் கண்டு, வளர்பிறையில் அப்படியொரு நாளே கிடையாது என்றார். படகில் பாய் விரித்து, அருகருகே அமர்ந்து திருத்தினோம். அது வைத்ததா, வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் இன்னும் குறிக்கவில்லை.