சலோமிக்கு ஒரு துண்டு அப்பம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
9-2-1967

கர்த்தருக்குள் பிரியமான தம்பி சாமுவேலுக்கு,

நாங்கள் சுகம். மாமாவுக்குத்தான் தறியில் குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. செங்கல்பட்டுக்குப் போனதும் அக்காவை மறந்தாயிற்று, இருக்கட்டும்.

குருத்தோலை ஞாயிறன்று பேராயர் வந்து இந்தச் சபைப் பிள்ளைகளைத் திடப்படுத்துவார், அதற்குப் பிறகுதான் அவர்கள் திருவிருந்தில் சேர்ந்து அப்பம் வாங்கலாம் என்று சர்ச்சில் வாசித்தார்கள். செங்கல்பட்டிலிருந்து இந்தச் சபையையும் பார்த்துக்கொள்கிற போதகர் நீ, பட்டியல் எழுதுவதும் நீதானே? என் மகள் சலோமியின் பேரையும் எழுது. பதினெட்டு முடிந்துவிட்டது. பேச்சில்லை, நடையில்லை, சோறு நான்தான் ஊட்டுகிறேன். எல்லாம் நீ அறிந்ததுதான். நான் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

உடனே பதில் போடு. மனசு ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

உன் அக்கா,
ஞானபாக்கியம்


செங்கல்பட்டு,
15-2-1967

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் அலைந்தேன்.

பேராயர் கேள்வி கேட்பார். விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் பிள்ளைகள் வாயால் சொல்லவேண்டும். சலோமி எப்படிச் சொல்வாள்? "போதகரோட அக்கா பொண்ணுன்னு சேத்துக்கினாங்க" என்று சபையார் பேசமாட்டார்களா?

அவள் பாவமே அறியாதவள், அக்கா. தேவதூதன் மாதிரி. அவளுக்கு இதெல்லாம் தேவையில்லை. மாமாவுக்குத் தைலம் அனுப்புகிறேன்.

உன் தம்பி,
சாமுவேல்


பிள்ளையார்பாளையம்,
20-2-1967

சாமுவேல்,

தைலம் வந்தது. யாரடா தேவதூதன்? கஞ்சி நேரம் கழித்து வந்தால் வாயில் வாங்கி என் முகத்திலேயே துப்புகிறாள். மாமா அதட்டினால், கைக்கு எட்டுகிற பட்டு நூலை வேண்டுமென்றே சிக்கலாக்கிவிட்டு அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். உனக்கும் எனக்கும் இருக்கிற பாவமெல்லாம் அவளுக்கும் இருக்கிறது. தேவன் மனுஷரைத் தம்முடைய சாயலாகப் படைத்தார் என்று பிரசங்கம் பண்ணினாயே, அதில் சலோமி நீங்கலாக என்றா போட்டிருக்கிறது?

பதில் சொல்லவேண்டுமாம்! உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது நீ என்ன பதில் சொன்னாய்? அம்மா காய்ச்சலில் கிடந்தாள். பதினாலு வயதில் உன்னை ஏந்திக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் "விசுவாசிக்கிறேன்" என்றவள் நான். நீ வீறிட்டு அழுதுகொண்டிருந்தாய்.

ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. மூன்று வருஷமாக, எல்லாரும் அப்பம் வாங்க எழுந்திருக்கும்போது சலோமி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறாள். யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று என் கையாலேயே அவள் வாயை மூடுகிறேன். பெற்றவள் செய்கிற காரியமா இது? பக்கத்து வீட்டுப் பெரியநாயகி சிவன் கோயிலுக்குப் போகிறவள். அவளே சொல்கிறாள்: "அதுக்கு எல்லாம் தெரியுதும்மா. உங்க சர்ச்சுல இருக்கிறவங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியல."

அவள் உன்னிடம் கல்யாணச் சீர் கேட்கப் போவதில்லை. தாய்மாமனிடம் கேட்பது இந்த ஒரு துண்டு அப்பம். அவளுக்கு இல்லையென்றால் எனக்கும் வேண்டாம். இனி நானும் அவளோடு கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

ஞானபாக்கியம்


செங்கல்பட்டு,
6-3-1967

அக்கா,

நேற்று அப்பத்தட்டோடு உங்கள் சர்ச்சில் நின்றேன். எல்லாரும் எழுந்து வந்தார்கள், நீ வரவில்லை. பின்னாலிருந்து சலோமி என்னையே பார்த்து வாயைத் திறந்தாள். நீ மூடினாய். உன் கையைத் தள்ளிவிட்டு மறுபடியும் திறந்தாள். அதற்குமேல் ஜெபத்தில் எந்த வரியில் இருந்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை. உன் வீட்டில் சாப்பிடாமல் பஸ் ஏறியது கோபத்தினால் அல்ல, வெட்கத்தினால்.

பட்டியல் இன்று பேராயருக்குப் போய்விட்டது. சலோமியின் பேர் முதலில் இருக்கிறது. பக்கத்தில், "இவளுக்காகப் பதில் சொல்பவர்: தாய்மாமன்" என்று எழுதியிருக்கிறேன். எனக்காக நீ சொன்னதை அவளுக்காக நான் சொல்கிறேன்.

பேராயர் அந்தப் பேரை அடித்துவிடலாம். என்னைக் கூப்பிட்டுக் கண்டிக்கலாம், இந்த வேலையும் போகலாம். ஆனாலும் குருத்தோலை ஞாயிறன்று தட்டை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு நானே வருவேன்.

அன்றைக்கு அவள் வாயைத் திறந்தால் மூடாதே, அக்கா.

சாமுவேல்