பதினாறு மீட்டர் தடம்

திங்கள், ஆகஸ்ட் 4

காலையிலிருந்தே புழுக்கம். வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. கேஸ் சிலிண்டர் புக் செய்ய வேண்டும். பதினொன்றாம் வகுப்பு டியூஷன் பெண்களுக்கு உராய்வுக் கணக்குத் தாள், எட்டு ஜெராக்ஸ். சாக்பீஸ் தீர்ந்துவிட்டது.

இவர் ஒன்றரை மணிக்கு வந்தார். வண்டிச் சத்தம் கேட்கவில்லை. நடந்து வந்திருக்கிறார். சட்டைக் கையில் ரத்தம். அவருடையது இல்லை.

"ஒருத்தரை இடிச்சுட்டேன் ரஹ்மத்."

அடையாறில். ஒரு அபார்ட்மென்ட்டில் நிலைக்கண்ணாடி இறக்கிவிட்டு, காலி லோடு வண்டியோடு தி.நகர் கடைக்குத் திரும்பும் வழி. சைக்கிளில் ஒருவர் ரோட்டைக் கடந்திருக்கிறார். தொடை எலும்பு முறிந்திருக்கிறது, தலையிலும் அடி. இவரே ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். அப்புறம் ஸ்டேஷன். வாக்குமூலம், கையெழுத்து. வண்டி அங்கேயே நிற்கிறது.

"வேகமா வந்தீங்களா?"

"முப்பதுலதான் வந்தேன். அவர் திடீர்னு குறுக்க வந்துட்டார்."

கண்ணாடி ஏற்றினால் ஊர்ந்துதான் ஓட்டுவார். பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேன். சட்டையை ஊறவைத்தேன். சாயங்காலம் பெண்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாதம் அப்படியே மிச்சம்.

செவ்வாய், ஆகஸ்ட் 5

இவர் கடைக்குப் போகவில்லை. உள் அறையில் பாயில் படுத்தே இருக்கிறார். எங்கள் வீட்டில் கூடம்தான் வகுப்பறை. நான் பேசுவது எல்லாம் உள்ளே கேட்கும்.

தாளில் ஐந்தாவது கணக்கு. சமதள ரோட்டில் போகும் வண்டி பிரேக் போடுகிறது. சக்கரம் சுழலாமல் சறுக்கி இவ்வளவு தூரத்தில் நிற்கிறது. முதலில் இருந்த வேகம் என்ன? வருடா வருடம் தரும் கணக்கு. வேறு ஏதாவது எடுத்திருக்கலாம். வைஷ்ணவி வாசித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

"மாஸ் குடுக்கவே இல்லையே மிஸ்? லாரியா காரான்னு தெரியாம எப்படிப் போடறது?"

"தேவையில்லை. ரெண்டு பக்கமும் இருக்கு பாரு. அடிபட்டுப் போயிடும்."

அந்த வார்த்தையை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். இன்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெண்கள் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கவனிக்கவில்லை.

அவர்கள் போனதும் இவர் வந்து கரும்பலகை முன்னால் நின்றார். பத்தாவது வரை படித்தவர்.

"ரோட்டுல இருக்கற டயர் கோட்டை வெச்சு வேகத்தைச் சொல்லிட முடியுமா?"

"ஏறக்குறைய சொல்லலாம்."

"ரோடு எல்லாம் ஒரே மாதிரி இருக்காதே."

"இருக்காது."

அவ்வளவுதான் பேச்சு. பலகையை அவரே துடைத்துவிட்டுப் போனார்.

புதன், ஆகஸ்ட் 6

காலை 6. பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அடையாறு பஸ் ஏறினேன். வழியில் கல்யாண மண்டப வாசல்களில் குப்பை வண்டி. அவர் சொன்ன இடத்தைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. போலீஸ் சாக்பீஸ் கோடு கொஞ்சம் அழிந்து, ஆனால் இருக்கிறது. அங்கே முடியும் இரண்டு கறுப்பு டயர் தடங்கள். அவற்றின் மேலேயே பஸ்கள் போய்க்கொண்டே இருக்கின்றன.

நடைபாதையில் தடத்துக்கு இணையாக நடந்தேன். இருபத்தாறு எட்டு. திரும்பி வரும்போதும் இருபத்தாறு. இளநீர்க் கடைக்காரர், "இன்னாமா தேடறே? எதனா தொலைஞ்சு பூச்சா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் நடந்து, டேப் வைத்து என் எட்டை அளந்தேன். 62 செ.மீ. ஆக 16 மீட்டர், கொஞ்சம் கூட.

காய்ந்த தார் ரோடு, உராய்வுக் குணகம் 0.7. விடை: மணிக்கு 53 கி.மீ.

தவறு செய்திருப்பேன் என்று மறுபடி. 53.

தார் தேய்ந்த ரோடு, 0.5. 45 வருகிறது.

மணல் கிடந்தது என்று வைத்துக்கொண்டாலும், 0.4. 40.

முப்பது வர வேண்டுமென்றால் 0.22. எண்ணெய் கொட்டியிருக்க வேண்டும். எண்ணெய் இல்லை. நான்தான் பார்த்தேனே.

காலி வண்டி, எடை குறைவு, அதனால் கூடுதலாகச் சறுக்கியிருக்குமோ? இருபது வருடம் பாடம் எடுக்கிறவள் எழுதுகிற வரியா இது! நிறைக்கு இதில் வேலையே இல்லை.

கடைசியாக ஒன்று போட்டுப் பார்த்தேன். போட்டிருக்கக் கூடாது. முப்பதில் வந்திருந்தால் எத்தனை மீட்டரில் வண்டி நின்றிருக்கும்? ஐந்து. மீதி பதினொன்று. சைக்கிள்காரர் அந்தப் பதினொரு மீட்டருக்குள் எங்கேயோ இருந்திருக்கிறார்.

பால் வாங்க மறந்துவிட்டேன்.

வியாழன், ஆகஸ்ட் 7

ஆஸ்பத்திரி. சாத்துக்குடி, பிரெட், ஒரு ஃபிளாஸ்க். எலும்பு வார்டு மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை.

அவர் பெயர் ஏழுமலை. ஊரூர் குப்பம். முன்பு கடலுக்குப் போனவர், இப்போது ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன். ஐம்பத்தெட்டு வயது என்று அட்டையில். கட்டிலின் கால்மாட்டில் கப்பி, அதன் மேல் கயிறு, கயிற்றின் நுனியில் தொங்கும் எடை, அது இழுக்கிற கால். கயிற்றின் இழுவிசை என்ன என்று மனம் தானாகக் கேட்டது. வெட்கமாக இருந்தது.

விழித்துத்தான் இருந்தார். என்னையே பார்த்தார். நான் அவர் மனைவி பக்கம் திரும்பிக்கொண்டேன். கன்னியம்மா. பீச் ஓரம் மீன் விற்கிறார். நான் யார் என்று சொன்னதும் கத்துவார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"குந்துமா. உங்க ஊட்டுக்காரர் மெதுவாத்தான் வந்தாராம், இவருதான் குறுக்க பூந்துட்டாராம். ஏட்டய்யா சொன்னாரு. இன்னா பண்றது? அன்னிலருந்து நானும் திட்டிக்கினேதான் கீறேன். வூட்ல ரெண்டு பொண்ணு கீது, கண்ணை எங்கய்யா வெச்சுக்கினு வந்தேன்னு."

"திட்டாதீங்க அக்கா."

"திட்டாம? உன் ஊட்டுக்காரர் நல்ல மனுசன், ஓடிப் போவாம ஆஸ்பத்திரில சேத்தாரு. வேற எவனாச்சும்னா?"

வாயைத் திறந்தேன். ஐம்பத்து மூன்று என்ற எண் நாக்கு நுனியில் நின்றது. ஃபிளாஸ்க் மூடியை எப்படித் திறப்பது என்று காட்டி, என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளி, ஆகஸ்ட் 8

ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டு வந்தார். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மேஜையில் என் நோட்டு. மறைத்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன், பழக்கம்.

"இது நம்ம வண்டியா?"

"ஆமாங்க."

"அளந்தியா?"

"எட்டு போட்டு அளந்தேன்."

உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஸ்பீடு முள்ளை நான் பாக்கலை ரஹ்மத். சத்தியமா. வண்டி காலி, ரோடும் காலி. அடுத்த டெலிவரிக்கு போன் மேல போன். ஏட்டுதான் கேட்டாரு, முப்பது இருக்குமான்னு. ஆமான்னுட்டேன். அப்ப எனக்கே அப்படித்தான் தோணிச்சு."

"இப்ப மாத்திச் சொல்லலாமே."

"லைசென்ஸ் போயிடும். கண்ணாடியைத் தலையிலயா தூக்கிட்டுப் போவேன்?" தொப்பியை மடித்துக்கொண்டே, "நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லை."

அந்த 'இல்லை'யைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி. அதைப் பார்த்திருக்க வேண்டாம். மீனைக் கருக்கிவிட்டேன்.

சனி, ஆகஸ்ட் 9

மாலையில் தூறல். பெண்கள் ஐந்து பேர்தான். ஆற்றல் பாடம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப. வேகம் இரண்டு மடங்கு ஆனால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு.

"அப்ப கொஞ்சூண்டு வேகத்தைக் குறைச்சாலே போதுமா மிஸ்?" வைஷ்ணவி.

"போதும்."

உள்ளே குழாய் திறக்கும் சத்தம். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆறரைக்கு விட வேண்டிய வகுப்பு, ஆறுக்கே விட்டுவிட்டேன். தலைவலி என்று சொன்னேன்.

ஞாயிறு, ஆகஸ்ட் 10

வக்கீல் போன். ஸ்பீக்கரில் கேட்டது. "நீங்க எதையும் கிளறாதீங்க பாய். கேமரா வேற அன்னிக்கு வேலை செய்யலை. சாட்சியும் இல்ல. அப்படியே விடுங்க."

இவர் சரி என்றார். சாப்பிட உட்கார்ந்து, பிசைந்து, எழுந்துவிட்டார். சிலிண்டர் இன்னும் வரவில்லை.

நான் என்ன செய்ய வேண்டும்? ஸ்டேஷனுக்கு நோட்டோடு போவதா? பெண்டாட்டி புருஷனுக்கு எதிராக உராய்வுக் குணகம் எடுத்துக்கொண்டு? போகாமல் இருப்பதா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் அடித்துவிட்டேன்.

திங்கள், ஆகஸ்ட் 11

காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று சொல்லவில்லை. கேட்கப் பயம்.

பன்னிரண்டுக்குத் திரும்பி வந்தார். "ஸ்டேஷன் போனேன். வேகமாத்தான் வந்தேன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"'இப்ப என்ன அதுக்கு? எழுதி மேல அனுப்பியாச்சு. கோர்ட்ல கேட்டா அங்க சொல்லிக்க.' அந்த ஏட்டு சிரிக்கிறார் ரஹ்மத். நான் மண்டைல அடிபட்டவன்னு நினைச்சுக்கிட்டார் போல."

சொல்லிவிட்டு வந்தவருக்கும் நிம்மதி இல்லை. எனக்கும் இல்லை. அந்தத் தாளில் இன்னும் முப்பதுதான் இருக்கிறது. மோர் கொடுத்தேன், குடித்தார்.

செவ்வாய், ஆகஸ்ட் 12

வெயில். சிலிண்டர் வந்துவிட்டது. இவர் பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார், தனியாக. நான் வரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றார்.

மூன்று மணிக்கு கன்னியம்மா போன். நேற்று ஆபரேஷன் முடிந்ததாம். கால் கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கும், கம்பு ஊன்றித்தான் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வாட்ச்மேன் வேலை இனி இல்லை.

"உங்க ஊட்டுக்காரர் வந்தாரும்மா. கட்டிலாண்டயே நின்னுக்கினு இருந்தாரு. அப்பால இவரு கையப் புடிச்சிக்கினு, 'அண்ணே, நான்தான் வேகமா வந்துட்டேன், உங்க மேல தப்பு இல்ல'ன்னு சொல்லி அழுவுறாரு."

"அவர் என்ன சொன்னார்?"

"'தெரியும் நைனா'ன்னாரு. 'வண்டி வந்த வேகத்தைப் பாத்துக்கினுதானே இருந்தேன். ரோட்ல பாதி வந்துட்டேன், முன்னாடியும் போவ முடியல, பின்னாடியும் வர முடியல.' நான் கேட்டேன்மா, அப்ப ஏன்யா வாயத் தொறக்கல, ஒரு வாரமா திட்டு வாங்கிக்கினு கெடந்தியேன்னு. அதுக்குச் சொல்றாரு, 'என்னிய யாரு கேட்டாங்க?'ன்னு."

கன்னியம்மா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. நானும் போனை வைக்கவில்லை.

வியாழக்கிழமை அவர் விழித்துத்தான் இருந்தார். ஸ்டூலிலிருந்து ஒரு எட்டு தூரம். நானும் கேட்கவில்லை.