ஓட்டுகிறவர் அளவு

7 மே 1978, ஞாயிறு

முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்தும் கால் எட்டவில்லை.

மூன்றாவது ஞாயிறாக இவர் என்னை ஓட்ட விட்டார். காலை ஆறு மணி, சுரங்கக் குடியிருப்பின் பிளாக் சாலைகளில் ஆள் நடமாட்டம் இல்லை. க்ளட்சை முழுதாக மிதிக்கப் போனால் உடம்பு சறுக்கிக் கீழே இறங்குகிறது. அப்போது சாலை தெரிவதில்லை, வேப்பமரத்து உச்சிதான் தெரிகிறது. வண்டி மூன்று முறை நின்றுபோனது. இவர் சிரித்தார். "போதும் தமயந்தி. இது உனக்குச் செஞ்ச வண்டி இல்ல."

இவருக்கு மட்டும் செய்ததா? சுரங்கத்தில் இயந்திரம் பொருத்த வந்த ஜெர்மன் இன்ஜினீயர் சென்னையில் வாங்கி ஓட்டியது. ஊர் திரும்பும்போது இவரிடம் விற்றுவிட்டுப் போனார். சிவப்பு வண்டி, துணிக் கூரை, இரண்டே இரண்டு சீட். அவையும் கிழிந்து ஸ்பிரிங் வெளியே நிற்கிறது. வீட்டு வேலைக்கு வரும் பட்டம்மாள் முதல் நாளே கேட்டுவிட்டாள்: "இன்னாம்மா, ரெண்டு பேரு குந்தறதுக்கா இவ்ளோ பெரிய காரு? எங்க வூட்டு மாட்டு வண்டில பன்னெண்டு பேரு போவோம்."

பாளையங்கோட்டையில், பத்தொன்பது வயதில், அண்ணனின் காரில் லைசென்ஸ் வாங்கியவள் நான். இவருக்கு அது மறந்துபோயிற்று. எனக்கும்தானோ?

10 மே

கடிதம் வந்துவிட்டது. விருத்தாசலம் கல்லூரி, வரலாற்றுத் துறை, தற்காலிக விரிவுரையாளர். ஜூன் 26 அன்று சேர வேண்டும். எம்.ஏ. முடித்து இருபது வருடம் ஆகிறது.

இவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "எப்படிப் போவே?" என்றார். போகாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"வண்டி இருக்கே."

"அது ஞாயித்துக்கிழமைக்கு."

ஞாயிற்றுக்கிழமைக்கு! இவர் வேலைக்குப் போவது கம்பெனி பஸ்ஸில். வாரத்தில் ஆறு நாள் அந்த வண்டி ஷெட்டில் பல்லி முட்டைகளுக்குக் காவல் நிற்கிறது.

16 மே

இவரிடம் சொல்லாமல் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். ஏழரைக்குக் கிளம்பினேன். முதல் பஸ் சரியாக வந்தது. மாறவேண்டிய இடத்தில் ஒன்று நிற்காமல் போனது, அடுத்தது வரவே இல்லை. கல்லூரி வாசலை அடைந்தபோது பத்தே கால். முதல் வகுப்பு ஒன்பதரைக்கு.

வாசலில் ஒரு பூவரச மரம். அதன் கீழ் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினேன். எதற்கு நின்றேன்?

21 மே

ஆம்பூரிலிருந்து தோல் வந்திருக்கிறது. இவருடைய நண்பர் அனுப்பியது. அடர்ந்த காபி நிறம். கூடத்தில் விரித்துவைத்து, குழந்தையைத் தடவுவது மாதிரி தடவிக்கொண்டிருந்தார். ரெக்ஸின் போதாதாம், அசல் தோல்தான் வேண்டுமாம். கிளப்புக்குப் போய் இறங்கும்போது நாலு பேர் எட்டிப் பார்க்க வேண்டும்.

பட்டம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "மாட்டுத் தோலு மேல குந்திகினு போய்ட்டு வந்து அப்பிடியே வெளக்கேத்துவீங்களா?"

சிரித்தேன். ஆனால் அந்த வாசனை எனக்குப் பிடித்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் தூக்கித் திரிந்த புத்தகப் பையின் வாசனை.

30 மே

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும். பிறகு நானே மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

காலையில் சுரங்கத்தில் பெரிய இயந்திரம் ஒன்று நின்றுவிட்டதென்று ஜீப் வந்தது. இவர் சாப்பிடாமல் ஓடினார். போகிற போக்கில், "சீட்டுக்காரன் வந்தா அளவு எடுத்துக்கச் சொல்லு" என்றார்.

பத்து மணிக்குப் பண்ருட்டியிலிருந்து சிங்காரவேல் வந்தார். லாரி சீட்டுகள் தைக்கும் கடைக்காரர். வண்டியைச் சுற்றிவந்து, சீட்டை அசைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"முன்ன பின்ன தள்ற தண்டவாளம் துருப்பிடிச்சிப் போச்சுங்க. அளவு பாத்து வெல்டு வச்சி நிறுத்திடறேன். லாரி சீட்டெல்லாம் அப்பிடித்தான். ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர்தானுங்களே."

பிறகு, "ஓட்டறவங்க குந்திகினு க்ளட்ச்சு மேல காலை வைக்கணுங்க. அதான் அளவு. சார் இல்லீங்களா?" என்றார்.

"இல்லை."

"அப்ப வண்டி ஓட்டறது யாருங்க?"

"நான்தான்" என்றேன்.

அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "ஏறிக் குந்துங்கம்மா" என்றார். உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் பலகை வைத்தார், அடியில் பலகை வைத்தார். முழங்காலுக்கு நேராகத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். க்ளட்ச் அடிவரை போயிற்று. அதோடு சாலையும் தெரிந்தது. எதிர் வீட்டு கேட், அதற்கப்பால் திருப்பம், பஸ் நிறுத்தம், எல்லாமே.

இரண்டு சீட்டையும் கழற்றி, தோலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

31 மே

"அளவு எடுத்தானா?"

"எடுத்தார்."

அந்த ஒரு வார்த்தை பொய் இல்லை.

3 ஜூன்

தூக்கம் பிடிக்கவில்லை. சொல்லிவிடலாமா? இன்னும் தோலை வெட்டியிருக்க மாட்டார்.

4 ஜூன்

இப்போது வெட்டியிருப்பார்.

9 ஜூன், வெள்ளி

இவர் காலை ஷிப்டில் இருந்தபோது சிங்காரவேல் சீட்டுகளை மாட்டிவிட்டுப் போனார். என்ன அழகு! தையல் ஒவ்வொன்றும் எறும்பு வரிசை மாதிரி.

மூன்று மணிக்கு இவர் வந்தார். சட்டையைக்கூட மாற்றவில்லை, நேரே ஷெட்டுக்குப் போனார். கதவு திறக்கும் சத்தம். பிறகு ஸ்டியரிங்கில் முழங்கால் இடிக்கும் சத்தம். மறுபடியும் ஒரு தடவை. நான் அடுப்படியில் பால் பாத்திரத்தைப் பார்த்தபடியே நின்றேன், அது பொங்கி வழிந்தது.

உள்ளே வந்து, "அவன் யாரை அளந்தான்?" என்றார்.

"என்னை."

"அவன் கேக்கலையா?"

"கேட்டார். நான்தான் ஓட்டறதுன்னு சொன்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

காபியைக் குடிக்காமல் வெளியே போய்விட்டார்.

நான் என்ன கொள்ளையா அடிச்சிட்டேன்? ஒரு சீட்டுல உக்காந்தேன். அவ்வளவுதானே— அவ்வளவுதானா? ஆசை ஆசையா அவர் தடவின தோல் அது.

13 ஜூன்

நாலு நாளாகப் பேச்சில்லை. "உப்பு" என்று ஒரு வார்த்தை சொன்னார், நேற்று இரவு.

18 ஜூன், ஞாயிறு

வண்டியை விற்கப் போகிறாராம். பண்ருட்டி முந்திரி வியாபாரி மருதமுத்துவைக் கூட்டிவந்தார். நல்ல ஆகிருதி. அவர் வயிறு உள்ளே போனது, கால் போகவில்லை. கால் போனது, வயிறு வெளியே நின்றது. இவர் ஒரு பக்கம் தள்ள, அவரோடு வந்தவர் ஒரு பக்கம் இழுத்தார். வெளியே வந்ததும் மருதமுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சார், இதுல பொம்பளைங்கதான் குந்த முடியும். அந்த வெல்டை அறுத்து சீட்டைப் பின்னால தள்ளிக் குடுங்க, அடுத்த ஞாயிறு வந்து எடுத்துக்கறேன்" என்றார்.

"அறுத்துடறேன்" என்றார் இவர்.

அடுத்த ஞாயிறு 25. மறுநாள் நான் சேர வேண்டிய நாள். உள்ளே போய்த் துணி மடித்தேன். ஒரே புடவையைத் திரும்பத் திரும்ப மடித்திருக்கிறேன்.

21 ஜூன்

இவர் அறுக்கும் கருவி எதுவும் கொண்டுவரவில்லை. வொர்க்‌ஷாப்பில் சொன்னால் அரை மணி நேர வேலை. அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

24 ஜூன்

இன்றும் இல்லை.

25 ஜூன், ஞாயிறு

மருதமுத்து வந்தார். "வேலை அதிகம். அறுக்க நேரமில்ல" என்று இவர் வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு வாளியில் தண்ணீர் எடுத்துப்போய் வண்டியைக் கழுவினார். டயரில் காற்றுப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் கலைந்துவிடும் போலிருந்தது.

26 ஜூன்

ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குக் கல்லூரி வாசல் பூவரச மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன்.

13 ஆகஸ்ட், ஞாயிறு

என் சீட்டின் ஓரத்தில் சாக்பீஸ் வெள்ளை படிந்து கிடக்கிறது. வகுப்பு முடிந்து ஏறும்போது கையிலிருந்தும் புடவையிலிருந்தும் தினமும் ஒட்டுகிறது போல. கிளப்புக்குக் கிளம்பும்போது ஈரத்துணியால் தேய்த்தேன், போகவில்லை.

"தண்ணி வைக்காதே, தோல் வெடிச்சிடும். தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுத் தொட்டுத் தொடை" என்றார் இவர், இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டே.