அந்தத் தீவில் கால் வைக்காதீர்கள்

அன்புள்ள சைமிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் இன்னும் குளிர்காலத்திலேயே நிற்கிறது. நீ லிஸ்பனில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருப்பாய் என்று நம்புகிறேன். நடுக்கோடை விழாவுக்குத் தோழிகளோடு வருவதாக எழுதியிருந்தாய், ஊருக்குக் கேடில்லாமல் ஹெல்சிங்கியைச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று அவர்கள் கேட்கிறார்களாம். சுற்றுலாத் தகவல் மேசையில் இத்தனை வருடம் உட்கார்ந்தவள் சொல்கிறேன், கார் எடுக்காதீர்கள், ட்ராமே போதும், தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், குழாயில் பிடித்துக் குடியுங்கள், வியாழக்கிழமையானால் ஊர் வழக்கப்படி பட்டாணிச் சூப் எங்கும் கிடைக்கும். ஆனால் துறைமுகத்திலிருந்து படகில் போகிற பறவைத் தீவில் மட்டும் யாரும் கால் வைக்கக் கூடாது. இதற்காக அலுவலகத்தில் சண்டை வேண்டாமென்று போனில் நீ என்னிடம், "ஓய்வுக்கு ரெண்டு வருஷந்தானே இருக்கு, வாய மூடிக்கிட்டு இரும்மா" என்றாயே, நான் மூடவில்லை, நடந்ததைக் கேள்.

துறைமுகச் சந்தையில் மீன் விற்ற ஓலவி இந்த வசந்தத்தில் மின்சாரப் படகு வாங்கித் தீவுக்கு ஆள் ஏற்றத் தொடங்கினார். புகையில்லை, சத்தமில்லை என்று எங்கள் அலுவலகமும் அவருடைய துண்டறிக்கையில் இயற்கைக்குக் கேடில்லாத பயணம் என்கிற பச்சை இலை முத்திரை போட்டது, நானும் வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். மே மாதம் ஒரு ஞாயிறு நானே போய்ப் பார்த்தேன். கடல்வாத்துகள் தங்கள் நெஞ்சுத் தூவியைப் பிடுங்கி மெத்தை போட்டுப் பாறையிடுக்கில் அடைகாத்துக்கொண்டிருந்தன. படமெடுக்க ஆட்கள் நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக எழுந்து ஓடின, கடற்காகங்கள் முட்டைமேல் இறங்கின. ஒரு ஜெர்மன்காரி உடைந்த முட்டையோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இங்கே எப்போதும் இப்படித்தானா என்று கேட்டாள். நாம் வந்ததால்தான் என்றேன்.

மறுநாள் துண்டறிக்கைகளை மேசையிலிருந்து எடுத்துவிட்டேன். மேலாளர் கிர்சி வந்து, விதிப்படி எல்லாம் சரி, படகு முழுக்க மின்சாரம் என்றாள். "அப்ப இலைய மின்சாரத்துக்குக் குடு, பயணத்துக்குக் குடுக்காதே" என்றேன். அவள் என்னைப் பின்னறைக்கு அனுப்பினாள், பார்சல் பிரித்து அடுக்குகிற வேலை. ஓலவியும் தன் பங்குக்குச் சந்தையில் எல்லார் முன்னாலும் என்னைப் பற்றி, "ஐலிக்கு வாத்துங்கதான் சம்பளம் குடுக்குது போல" என்று சிரித்தாராம். வீட்டுக்கு வந்து அழுதேன், உன்னிடம் மறைப்பானேன். அப்பா காபி ஊற்றிக் கொடுத்து, "அழுதாச்சுல்ல, அடுத்து என்ன பண்ணப் போற?" என்றார்.

அடுத்து ஓலவி வீட்டுக்கே போனேன். மீன் முட்டையிடும் காலத்தில் வலை போடுவீர்களா என்று கேட்டேன். போடமாட்டேன் என்றார், அடைகாக்கிற வாத்துக்கும் அதே காலந்தானே என்றேன். "கரையில எறங்கலேன்னா யாரு வருவா ஐலி?" என்றார். இறங்க வேண்டாம், தள்ளி நின்றே பார்க்கட்டும், சனிக்கிழமைதோறும் நான் உங்கள் படகில் வந்து காட்டிச் சொல்கிறேன், கூலி வேண்டாம் என்றேன். சனிக்கிழமை தொலைநோக்கியோடு படகுத்துறையில் போய் நின்றேன். ஓலவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏறு" என்றார்.

இப்போது குஞ்சுகள் வளர்கிறவரை தீவில் இறங்குவதில்லை என்று ஓலவி தன் துண்டறிக்கையிலேயே அச்சிட்டுவிட்டார். கிர்சி என்னை முன்மேசைக்குக் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். போன வாரம் ஒரு தாய்வாத்து குஞ்சுகளோடு எங்கள் படகுக்குக் குறுக்கே நீந்தியது. ஓலவி மோட்டாரை நிறுத்தினார். அவை கடந்து முடிக்கும்வரை காற்று எங்களை இழுத்த இழுப்புக்கு மிதந்தோம், ஒருவர்கூட அவசரப்படவில்லை.

நீங்கள் விமானத்தை விட்டு ரயிலும் கப்பலும் பிடித்தே வாருங்கள், நாள் கூடினால் கூடட்டும். கம்பளிச் சட்டையை மறக்காதே, கோடையென்றாலும் கடல்காற்று கடல்காற்றுதான். கடவுள் உன்னை வழியெல்லாம் காக்கட்டும். ஒன்று மட்டும் நினைவில் வை, படகில் நான் பேசும்போது "போதும்மா" என்று கையைப் பிடித்து இழுக்காதே, நான் நிறுத்தமாட்டேன்.

உன் அம்மா,
ஐலி