குடலுக்கு இன்னும் சேதி போகவில்லை

அன்புள்ள அக்கா,

போன் செய்தால் எடுக்கமாட்டாய். அதனால் உன் தெருவில் குடியிருக்கும் ஆம்புலன்ஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான் செத்துப்போனதை ஊரார் மசாலா சேர்த்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அலுவலக மாடிப்படியில் இதயம் நின்றுவிட்டது. நெஞ்சை அமுக்கி மீட்டுவிட்டார்கள்.

இதயம் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. சிறுகுடல்தான் விழிக்கவில்லை. நின்ற நேரத்தில் அதற்கு ரத்தம் போகவில்லையாம். திரும்பி வந்த ரத்தமும் அதைப் புண்ணாக்கிவிட்டதாம். டாக்டர் என் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒட்டுக்கேட்கிறார்.

"ஏதாவது பேசுதா டாக்டர்?"

"ம்ஹூம். காத்து பிரிஞ்சுதா சார்?"

"இல்ல. ஆனா இதை இவ்வளவு மரியாதையா யாரும் விசாரிச்சதே இல்ல."

நர்ஸ் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. காலைக்குள் குடல் அசையாவிட்டால் வயிற்றைத் திறந்து, செத்த பகுதியை வெட்டி எடுப்பார்களாம். எவ்வளவு மிஞ்சும் என்பது திறந்தால்தான் தெரியுமாம்.

பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. யாரோ பக்கத்து வீட்டுக்காரன் சங்கதி மாதிரி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"கூட யாரு சார் இருக்காங்க?" என்றாள் நர்ஸ்.

"அக்கா."

காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"வந்துட்டிருக்காங்க" என்று சொல்லிவைத்தேன்.

வரச்சொல்லி இதை எழுதவில்லை. வந்தால் சாப்பிட எதுவும் கட்டிக்கொண்டு வராதே. எனக்குச் சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாதாம். வெறுங்கையோடு வா.

இப்படிக்கு,
உன்னோடு பேசாத தம்பி