நீ விரித்துவிட்ட கை

போன வியாழக்கிழமை மதுரையில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா என் கையில் ஒரு சின்னத் தலையணையைக் கொடுத்து, "மெதுவா அமுக்கிப் பாருங்கம்மா" என்றார். அமுக்கியதும் வலது கை விரல்கள் இறுகிக்கொண்டன. பிரிக்க முடியவில்லை. நாற்பது வருடங்களுக்கு முன்னால் மூடிக்கொண்டதே, அதே மாதிரி. உன் சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து எனக்கு மறுபடியும் நடுக்கம் பிடித்திருக்கிறது. என் மகள்தான் விடாமல் அவரிடம் இழுத்துப் போனாள்.

இந்த வைத்தியத்தில் ஊசி மாத்திரை கிடையாது. "நடந்ததைச் சொல்லணும்னு கட்டாயமில்ல. உடம்புல எங்க இறுகுது, எங்க படபடங்குதுன்னு மட்டும் கவனிங்க. அழுகை வரலாம், நடுக்கம் வரலாம். போதும்னு தோணுனா நிறுத்திருவோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. படிக்காமலே நீ செய்த வைத்தியம்தானே இது! சிரித்து முடிப்பதற்குள் பயம் வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசி, கார்த்திகை மாதம். ஏலக்காய் எடுத்துவிட்டுப் போடிமெட்டிலிருந்து ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தோம். ஓட்டியவர் உன் புருசன். எப்போதும் அவர் பக்கத்தில் நீதான் உட்காருவாய். அன்று உனக்குக் காய்ச்சல், உன் இடத்தில் நான். மூடுபனிக்குள் ஒரு வளைவில் லாரி எதிரே வந்தது. ஜீப்பு உருண்டதில் நாங்களெல்லாம் காயங்களோடு பிழைத்தோம். அவர் பிழைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் என் வலது கை மூடியபடியே இருந்தது. பொழுது சாய்ந்தால் உடம்பு உதறும். நாலு பேர் அமுக்கிப் பிடிப்பார்கள். அமுக்க அமுக்க எனக்கு மூச்சு முட்டும். "செத்தவன் இவ மேல ஏறிட்டான்" என்று தெருவே முடிவு கட்டியது. ஆத்தா போய்க் கோடாங்கியைக் கூட்டிவந்தாள். அவர் உடுக்கை அடித்து, வேப்பங்குழையால் விளாசி, "யாரு நீ, சொல்லு!" என்றார். அடி தாங்காமல் உன் புருசன் பேரைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு ஆடாமல் இருக்க முடியுமா? பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தானே வேண்டும்.

அது உன் காதுக்கு வந்தது. பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை. "தாலியறுத்தவ வாசப்படி தாண்டலாமா?" என்றவர்களை விலக்கிக்கொண்டு வந்தாய். என்னை அடிக்க வருகிறாய் என்றுதான் நினைத்தேன். நீ கோடாங்கியைப் பார்த்து, "எம் புருசன் ஒரு பொம்பளையப் பிடிச்சு ஆட்டுற ஆளு இல்ல. இது பயம்யா" என்றாய். என்னை அமுக்கியவர்களிடம், "கைய எடுங்க. மெரண்ட மாடு நடுங்கி முடிச்சாத்தான் தண்ணி குடிக்கும். நடுங்கட்டும், விடுங்க" என்றாய்.

என் பாதங்களைத் தரையில் ஊன்றி வைத்து, அவற்றின் மேல் உன் கைகளை வைத்துக்கொண்டாய். "தரை இருக்கா புள்ள? இருக்குல்ல? அம்புட்டுத்தான்." உடம்பு உதறி உதறி ஓய்ந்தது. ஓய்ந்ததும் பசித்தது. அந்த வாரத்தில் அன்றுதான் கஞ்சி இறங்கியது.

அதன் பிறகு தினமும் வந்தாய். எண்ணெயைச் சுடவைத்து ஒவ்வொரு விரலாகத் தடவுவாய், இழுக்கமாட்டாய். "அதுக்காத் தோணும்போது விரியட்டும். வெரசா விரிஞ்சு என்ன சோலி பாக்கப் போகுது?" என்பாய். ஜீப்பில் என்ன நடந்தது என்று மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்டுவிடுவாள், இன்றைக்குக் கேட்டுவிடுவாள் என்று நான்தான் செத்துப் பிழைத்தேன். தை பிறந்து கை விரிந்தது. உன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பஸ்ஸில் மலையேறினேன். எண்பதுகள் முழுக்க இருவரும் ஒரே தோட்டத்தில் காய் எடுத்தோம். அப்போதும் நீ கேட்கவில்லை.

நாளைக்கு மறுபடி மதுரை போகவேண்டும். "அந்தக் கை அன்னைக்கு என்ன செஞ்சதுன்னு அதையே கேட்டுப் பாருங்க" என்று டாக்டரம்மா சொல்லியனுப்பியிருக்கிறார். கேட்க என்ன இருக்கிறது, எனக்குத் தெரியாதா? அவரிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். லாரியைக் கண்ட பயத்தில் நான் ஸ்டீயரிங்கில் இருந்த உன் புருசனின் கையைப் பிடித்து இழுத்தேன். "விடு புள்ள, விடு" என்று கத்தினார். நான் விடவில்லை.

தெரியாமல்தான் நீ கேட்காமல் இருந்தாயா, தெரிந்தேதான் தினமும் வந்து அந்தக் கைக்கு எண்ணெய் தேய்த்தாயா? இனி யாரிடம் கேட்பேன்? இந்தப் பயத்தை மட்டும் நீ என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டாய்.