தூசு காட்டும் பெட்டி

நைனா,

இன்று மதியம் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஒரு செல்போனுக்குச் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது.

காற்றில் எவ்வளவு தூசு என்று எண்ணாகக் காட்டும் சென்சாரை நம் வீட்டில் இணைத்த ஞாயிற்றுக்கிழமையும் இதே வாசனைதான். சின்ன போர்டு, நாலு ஒயர், சென்சாருக்குள் சுற்றும் குட்டி விசிறி. என்ன செய்தும் திரையில் சைபர்தான். நீ டார்ச் பிடித்தபடி பக்கத்தில் குந்தியிருந்தாய். தகவல் அனுப்பும் ஒயரையும் வாங்கும் ஒயரையும் மாற்றிச் செருகியிருந்தேன். சரிசெய்ததும் எண் ஓடத் தொடங்கியது. "வந்துட்டுதும்மா!" என்று எனக்கு முன்னால் கத்தியது நீதான்.

மறுநாள் கல்லுடைக்கும் கிரஷரில் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி உதறினாய். எண் தாறுமாறாக ஏறியது.

"இன்னாம்மா, என் சட்டைக்கே இப்டி ஏறுது?"

"சட்டையிலயே இவ்ளோன்னா உன் நெஞ்சுல எவ்ளோ இருக்கும்? அந்த வேலைய வுட்டுடு நைனா."

அன்றிலிருந்து தெருக்குழாயில் குளித்துவிட்டுத்தான் வந்தாய். சாப்பாட்டுத் தட்டோடு வாசலுக்குப் போய், மலையைப் பார்த்தபடி சாப்பிட்டாய். எண் இறங்கியது. நானும் நிம்மதியாக இருந்தேன். அம்மாதான் ஒருநாள் சொன்னாள்: "அந்த நம்பரு ஏறுனா நீ மூஞ்ச தொங்கப் போட்டுக்கறியாம். அதான் வெளியவே குந்திக்கினு இருக்குறாரு."

உன்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தபோது, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச உனக்கு மூச்சு இல்லை.

நீ எங்களை விட்டுப் போன பிறகு, கிரஷர் பக்கத்துத் தெருவில் அந்தப் பெட்டியை மாட்ட வீடு வீடாகக் கேட்டேன். "எங்க சோத்துல மண்ண அள்ளிப் போடாத" என்றார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய். போன வாரம் கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி மட்டும் ஜன்னலைக் காட்டினாள். அவள் புருஷனுக்கும் அங்கேதான் வேலை.

மாட்டி முடித்ததும் எண்ணையே பார்த்தாள். "இது நல்லதா கெட்டதாக்கா?"

தயங்கித்தான் சொன்னேன். "கெட்டதும்மா."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். போகச் சொல்வாள் என்று நினைத்தேன். பாயை விரித்து, "அவரு வர்ற நேரந்தான். அவருகிட்டயும் நீயே சொல்லிட்டுப் போக்கா" என்றாள்.

உட்கார்ந்தேன் நைனா. உன்னிடம் சொல்லத் தெரியாததை அவனிடம் எப்படிச் சொல்வது? வெளியே அவன் வண்டி வந்து நின்றதும், பாயில் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டேன்.